பிரித்துக் கட்டிய வீட்டில் பேய் தேடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் யார்? உங்களுக்கு எதற்கு இந்த வேலை?

காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் நாலு பேர். நான் வயரிங் வேலை பார்க்கிறவன். ஒருவர் மர ஆசாரி. ஒருவர் பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறவர். நாலாவது ஆள் கல்லூரி மாணவன், கேமரா அவனுடையது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, உரிமையாளர் சம்மதித்த ஏதாவது ஒரு பழைய வீட்டில் உட்கார்ந்து விடியும்வரை காது கொடுத்துக் கேட்போம். காசு வாங்குவதில்லை. பேய் ஓட்டுவதும் இல்லை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அது என்ன ‘பிரித்துக் கட்டிய வீடு’?

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1940கள் வரை எழுந்தவை. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) அங்கே சம்பாதித்ததை இங்கே தேக்காகவும் கல்லாகவும் நிறுத்தினார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது பணம் வந்த வழி அடைபட்டது. அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் (பங்குள்ள குடும்பங்கள்), ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு ஊரில். மராமத்துக்குக் காசு போட யாரும் இல்லை. பூட்டிய வீடு பூட்டியபடியே கிடக்கும். ஒருநாள் எல்லாரும் கையெழுத்துப் போட்டதும் இறக்கிவிடுவார்கள்.

இறக்கிய வீடு பல வழியில் போகும். ஒன்று அருங்காட்சியகம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீடு அப்படி இங்கிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் கட்டியது. இன்னொன்று தங்கும் விடுதி. ஒரு ஊரில் இறக்கி, பத்து இருபது கிலோமீட்டர் தள்ளித் தென்னந்தோப்புக்குள் ஏற்றிவிடுவார்கள். மூன்றாவது வழி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. அங்கே வீடு வீடாக இருக்காது. தூண் ஒரு கடை, கதவு ஒரு கடை, பீங்கான் ஜாடி ஒரு கடை என்று உதிரியாகிவிடும். அந்த உதிரிகளைச் சேர்த்துப் புதிதாகக் கட்டும் ‘பழைய’ வீடுகளும் உண்டு. தூண் ஒரு வீட்டது, உத்திரம் வேறு வீட்டது, நிலை மூன்றாவது வீட்டது. பேய் தேடுகிறவனுக்கு இதுதான் பெரிய தலைவலி. யாருடைய பேயைத் தேடுவது?

வீட்டைப் பெயர்த்தால் பேயும் கூடவே வருமா?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் எது வந்தது, எது வரவில்லை?

செட்டிநாட்டு வீட்டை இறக்கும்போது கழற்றிக்கொண்டு போக முடிவது மரம், கல், இரும்பு, ஓடு, கண்ணாடி. தூண், போதிகை (தூணின் தலையில் உட்கார்ந்து உத்திரத்தைத் தாங்கும் கட்டை), உத்திரம், கைமரம் (கூரையைத் தாங்கும் சட்டம்), நிலை, கதவு, கிராதி எல்லாம் போகும். சுவர் போகாது. சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த அந்தப் பூச்சு, கண்ணாடி மாதிரி மின்னுமே, அதைக் கழற்றி லாரியில் ஏற்ற வழியில்லை. இடிக்கத்தான் வேண்டும். தரையில் ஒட்டிய ஆத்தங்குடிக் கல்லும் பாதிக்கு மேல் உடைந்துதான் வரும். ஆக, இடம் மாறிய வீட்டில் நீங்கள் தொடுகிற சுவர் புதுச் சுவர். ‘நடந்ததெல்லாம் சுவரில் பதிந்திருக்கும், ராத்திரியில் அது திரும்ப ஓடும்’ என்று பேய் வேட்டைக்காரர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைப்படியே பார்த்தாலும் இங்கே கேட்பதற்கு நாடா இல்லை.

நம் ஊர் வழக்கம் இதில் தெளிவாக இருக்கிறது. பிழைக்கப் போன இடத்தில் குலதெய்வத்துக்குக் கோயில் எழுப்ப வேண்டுமானால் பழைய கோயிலில் இருந்து பிடிமண் எடுத்து வருவார்கள். கல்லோ கதவோ போதாது, மண் வேண்டும். சாமிக்கே பிடிமண் தேவை என்றால் பேய்க்கு மட்டும் தேக்கு உத்திரம் போதுமா? சம்பிரதாயத்தை நம்புகிறவர்களிடம் நான் சொல்லும் பதில் இது. சிலர் சிரிப்பார்கள், சிலர் யோசிப்பார்கள்.

பழைய வீடுகளைப் பெயர்த்து ஒரே இடத்தில் நிறுத்தும் பழக்கம் பேர்பெற்றது, ஆர்ட்டூர் ஹசேலியஸ் 1891இல் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தால். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டும் அதைச் செய்தார். எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தை டியர்பார்ன் என்ற ஊரில் மறுபடி எழுப்பியபோது பழைய இடத்து மண்ணையும் அள்ளிக்கொண்டு வரச் செய்தார். பிடிமண் என்ற சொல் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் காரியம் அதேதான். 1929இல் திறப்பு விழாவுக்கு எடிசனே வந்தார். எங்கள் காலத்தில் தரை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 1920இல் ஒரு பேட்டியில், செத்தவர்கள் இருந்தால் அவர்கள் பேசுவதற்கு வசதியாக ஒரு கருவி செய்யப் பார்க்கிறேன் என்று சொன்னவரும் அவர்தான். அந்தக் கருவி யார் கண்ணிலும் பட்டதில்லை.

சரி, பேய் இருக்கிறதா இல்லையா?

எங்கள் நாலு பேருக்குள்ளேயே இரண்டு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறோம். ஆசாரி அண்ணன் முனிக்குப் பயப்படுவார், கைமரத்துக்குப் பயப்பட மாட்டார்.

ஒரு வீடு இடம் மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே பாருங்கள். போதிகைக்கும் உத்திரத்துக்கும் இடையில், தூணின் உச்சியில், கைமரத்தின் உள்பக்கத்தில் எண் இருக்கும். பிரிப்பதற்கு முன்னால் படம் வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் திசையும் வரிசையும் போட்டுப் பெயிண்டிலோ உளியிலோ அடையாளம் வைப்பார்கள். இல்லாவிட்டால் மறுபடி சேர்க்க முடியாது. தேக்கு வேலை ஆணியில் நிற்பதல்ல, பொருத்தில் நிற்பது. நாலாவது தூணின் போதிகை ஐந்தாவது தூணில் சரியாக உட்காராது.

ஒரு தென்னந்தோப்பு விடுதியில் தங்கப்போன சென்னைப் பையன்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். தூண்களின் உச்சியில் செய்வினை எழுத்து இருக்கிறதாம், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். போய்ப் பார்த்தோம். ‘வ 3’, ‘கி 4’, ‘தெ 1’ என்று சிவப்புப் பெயிண்டில் இருந்தது. வடக்கு மூன்று, கிழக்கு நாலு, தெற்கு ஒன்று. அவர்கள் ‘கி’ என்பதைப் பீஜாட்சரம், அதாவது மந்திர எழுத்து என்று நினைத்துவிட்டார்கள். இந்த வீடு திரும்பவும் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம் உள்ள பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். பெயர்த்துக் கட்டியவற்றில் பெரும்பாலும் முன்பாதிதான் இருக்கும். வளவு முடிகிற இடத்தில் திடீரென்று சுவர் வந்தால் வீடு அங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் மேலே யாரோ நடக்கிற சத்தம். என்ன செய்வது?

முதலில் மணியைக் குறியுங்கள். அப்புறம் எந்தத் திசை என்று குறியுங்கள். அதற்குப் பிறகு பயப்படலாம்.

பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கூரை ராத்திரியில் குளிரும்போது சுருங்கும். சில வீடுகளில் மச்சைத் தாங்க இரும்பு உத்திரம் போட்டிருப்பார்கள். ஆறு மீட்டர் இரும்பு பத்து டிகிரி குளிர்ந்தால் முக்கால் மில்லிமீட்டர் போலச் சுருங்கும். கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் அது மெல்ல வழுக்கிச் சுருங்காமல், பிடித்துக்கொண்டு நின்று சட்டென்று விடுபடும்போது ‘டக்’ என்று கேட்கும். வரிசையாக நாலு இடத்தில் விடுபட்டால் நாலு காலடி.

மரத்தின் கதை வேறு. தேக்கு எவ்வளவு பழையதானாலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நூறு வருஷம் ஒரே இடத்தில் நின்ற வீட்டில் பொருத்துகள் ஒன்றுக்கொன்று பழகி உட்கார்ந்திருக்கும். அதைப் பிரித்து, லாரியில் குலுக்கி, வேறு அஸ்திவாரத்தில் ஏற்றினால் மறுபடி பழகச் சில வருஷம் பிடிக்கும். செட்டிநாட்டு வறட்சியில் காய்ந்த மரத்தைக் கடற்கரை ஊருக்குக் கொண்டுபோனால் கேட்கவே வேண்டாம். இடம் மாறிய வீடுகள் நிலையாக நின்ற வீடுகளைவிட அதிகம் முனகும் என்பதை நாங்கள் கேட்டே தெரிந்துகொண்டோம். மக்கள் அதற்குச் சொல்லும் காரணம், ‘பழைய இடத்தை நினைத்து அழுகிறது.’ ஆசாரி அண்ணன் சொல்வது, ‘போதிகை உக்காரல.’

அப்புறம் உயிருள்ளவை. ஓட்டுக்கடியில் அணில், எலி, வௌவால். சாக்குருவி என்று சொல்கிற கூகை அலறினால் குழந்தையின் குரல்போலவே இருக்கும். முதல் தடவை கேட்டபோது நாங்கள் நாலு பேருமே திண்ணைக்கு ஓடிவந்துவிட்டோம். ஆனால் காலடிச் சத்தத்தில் முதல் பரிசு மரநாய்க்குத்தான். பூனையைவிடக் கனம், ராத்திரியில் மட்டும் நடமாட்டம், மச்சில் ஒரே பாதையில் போய்வரும் பழக்கம். கேட்கிறவர் ‘செட்டியார் வழக்கமாக இந்த நேரத்துக்கு நடப்பார்’ என்பார்.

யாருமே இல்லாத வீட்டில் நடுராத்திரி சோறு வடிக்கிற வாசம் வருகிறது.

இதுவும் மரநாய்தான்! நான் சொன்னால் நம்பமாட்டார்கள். அதன் வாலடிச் சுரப்பிக்கு பாசுமதி அரிசி வெந்த மாதிரி ஒரு வாசனை உண்டு. மலாய் மொழியில் அதற்கு மூசாங் பாண்டான் என்றே பெயர். சோற்றில் போடும் பாண்டான் இலையின் மணம் அதில் வருவதால் அந்தப் பெயர். மலேயாவில் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, ‘அட, அங்கே சின்ன வயசுல கேட்ட பேருல்ல அது’ என்று சிரித்தார். அதே வீட்டில் அவருடைய மருமகள் பல வருஷமாக அந்த வாசத்துக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். இப்போதும் போடுகிறார் என்று கேள்வி. அதில் தப்பில்லை.

கதவு தானாகத் திறக்கிறது.

ரசமட்டம் வையுங்கள். தூக்குக்குண்டு விடுங்கள். இரண்டும் கொத்தனாரிடம் கேட்டால் கிடைக்கும். பழைய கதவுகள் பல கீலில் ஆடுவதில்லை, மேலும் கீழும் குடுமியில், அதாவது குழிக்குள் உட்காரும் முளையில், சுழல்பவை. அவ்வளவு கனமான கதவு, உராய்வு மிகக் குறைவு. பெயர்த்துக் கட்டும்போது நிலை ஒரு நூல் சாய்ந்தாலும் கதவு சாய்ந்த பக்கம் மெதுவாக நகரும். திறந்த வளவு வழியாக ராத்திரிக் காற்று இறங்கினால் அதுவே போதும். நாங்கள் பார்த்த ‘தானாகத் திறக்கும்’ கதவுகளில் சாய்வு இல்லாத நிலை இதுவரை ஒன்றுகூட அகப்படவில்லை.

எந்தக் கருவி வாங்கலாம்?

ஒரு நோட்டு, ஒரு பேனா, கடிகாரம், நல்ல டார்ச், ரசமட்டம். இதோடு நிறுத்தினால் உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் நல்லது. ஆனாலும் கேட்பீர்கள், சொல்கிறேன்.

ஈ.எம்.எஃப். மீட்டர் மின்காந்தப் புலத்தைக் காட்டும். அது பேயைக் காட்டும் என்பதற்கு யாரும் எதையும் நிரூபித்ததில்லை. என் தொழில் அனுபவத்தில் அது மிக நன்றாகக் காட்டுவது பழைய வயரிங்கைத்தான். அந்தக் காலத்தில் மரப்பட்டியில் பேஸும் நியூட்ரலும் தள்ளித் தள்ளி ஓடும். இரண்டும் ஒட்டி ஓடினால் ஒன்றின் புலம் மற்றதை அடித்துவிடும். தள்ளி ஓடினால் அடிக்காது, அறை முழுக்கப் பரவும். எர்த்தும் பல வீட்டில் கிடையாது. ஒரு வீட்டில் ‘ஆச்சி நிற்கும் மூலை’ என்று காட்டினார்கள், மீட்டர் அங்கே எகிறியது. மெயினை இறக்கினேன், ஆச்சி போய்விட்டார். அன்றைக்கே அந்த லைனை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்த மூலை தீப்பிடித்திருக்க வேண்டிய மூலை. கூடவே ஒன்று, செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இந்த மீட்டரைப் பிடிக்காதீர்கள்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானி காற்றின் குளிரை அளக்காது, எதிரே இருக்கும் பரப்பைத்தான் அளக்கும். மினுக்கிய பித்தளையிலும் எவர்சில்வரிலும் குறிபார்த்தால் அது பிரதிபலிப்பை அளந்து தப்பான கணக்குச் சொல்லும். கருங்கல் தூண் பக்கத்து மரத்தூணைவிடக் கைக்குக் குளிரும். அது கல்லின் குணம்.

‘ஸ்பிரிட் பாக்ஸ்’ என்பது ரேடியோ அலைவரிசைகளை நிற்காமல் தாவிக்கொண்டே போகும் பெட்டி. இந்தப் பக்கத்தில் அதை முடுக்கினால் துண்டு துண்டாகத் தமிழ் வரும். வராமல் என்ன செய்யும், கொடைக்கானல் பண்பலை 100.5 இருக்கிறதே. ‘நீ யார்’ என்று மாணவன் கேட்டதற்கு ஒருமுறை ‘நேயர்’ என்று பதில் வந்தது. இன்றுவரை சிரிக்கிறோம்.

புகைப்படத்தில் விழும் வெள்ளை உருண்டைகள், லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் தூசி பிளாஷ் வெளிச்சத்தில் மின்னுவது. பழைய சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் இருக்கும் வீட்டில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

படுத்திருந்தபோது மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். கத்தவும் முடியவில்லை, கையை அசைக்கவும் முடியவில்லை.

அமுக்குவான் என்று ஊரில் சொல்வது. கனவு காணும் தூக்கத்தில் உடம்பு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். மூளை முந்தி விழித்து, பூட்டு திறக்கப் பிந்தினால் இப்படி ஆகும். மல்லாந்து படுத்தாலும், தூக்கம் கெட்டிருந்தாலும் அதிகம் வரும். பேய் தேடப் போகிறவர் இரண்டு ராத்திரி விழித்துவிட்டு மூன்றாம் ராத்திரி பட்டாலைக் கூடத்தில் மல்லாந்து படுத்தால் வராமல் இருந்தால்தான் அதிசயம். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் போங்கள்.

ஆனால் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், நிழல் தெரிவது என்று வந்தால் உடனே எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். புதிதாகக் குடிபோன வீட்டில் காலடிச் சத்தம், உருவங்கள், ஓயாத சோர்வு. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடேற்றும் அடுப்பு கெட்டுப்போய், அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இங்கே அடுப்புக்குப் பதில் ஜெனரேட்டர். கரண்ட் இல்லாத வீட்டுக்கு எடுத்துப்போய், சத்தம் கேட்கக்கூடாது என்று இரண்டாங்கட்டில் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பேயைவிட நிச்சயமாகக் கொல்லும்.

காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வு பற்றியும் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் கண்டதற்கு, ஒரு மின்விசிறி எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998இல் எழுதினார். நல்ல கதை. எல்லா வீட்டுக்கும் அதையே பூசிவிட முடியாது.

‘சாமி வீடு’ என்று ஓர் அறை பூட்டியிருக்கிறது. அங்கேதான் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். திறந்து பார்க்கலாமா?

கூடாது.

வெளியூர் ஆட்களுக்கு இது புரியவேண்டும் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நகரத்தார் குடும்பங்களில் இறந்துபோன முன்னோரைத் தெய்வமாக வைத்து வீட்டுக்குள்ளேயே படைப்பார்கள். அதற்குப் பெயரே படைப்பு. புதுச் சேலை, வேட்டி வைத்து, சமைத்து, பங்காளிகள் எல்லாம் கூடிக் கும்பிடுவார்கள். வைத்த துணியை ஓலைப் பேழையில் பத்திரப்படுத்துவதும் உண்டு. சிங்கப்பூரில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கேற்றுவது பல குடும்பங்களில் இதற்காகவும் கல்யாணத்துக்காகவும்தான். வருஷமெல்லாம் வீடு சும்மா கிடக்கிறதே, விற்றுவிடலாமே என்று கேட்டால் ‘படைப்பு எங்கே வைக்கிறது?’ என்பார்கள்.

அதனால் இங்கே ‘இந்த வீட்டில் இறந்தவர்கள் இருக்கிறார்களா’ என்று கேட்டால் வீட்டுக்காரர் முகத்தில் பயம் தெரியாது. ‘ஆமா, இருக்காங்க, போன வருஷம் படைச்சோம்’ என்று பதில் வரும். சோறும் துணியும் பெயரும் கிடைக்கிற முன்னோரை மீட்டர் வைத்துத் தேடுவது, விருந்தாளியாகப் போன வீட்டில் பெரியவர்களைப் பார்த்து ‘நீங்கள் திருடரா’ என்று கேட்பது போல. நான் முதல் வருஷத்தில் இந்தத் தப்பைச் செய்தேன். ஒரு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடி, ‘ஏந் தம்பி, உங்க வீட்டுல அப்பத்தாவ மிஷினு வச்சுத்தான் தேடுவீகளா?’ என்று கேட்டார். அன்றைக்கு மீட்டரைப் பைக்குள் போட்டவன், சாமி வீட்டு வாசல்படி பக்கம் இன்றுவரை எடுத்ததில்லை.

பெயர்த்துக் கட்டிய வீட்டில் சாமி வீட்டின் நிலையும் கதவும் வந்திருக்கும், சாமி வந்திருக்காது. வீட்டை இறக்குவதற்கு முன்னால் குடும்பத்தார் கும்பிட்டு வேறு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். விடுதியில் அந்த அறை துணி வைக்கும் அறையாக இருக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரிதான் இருக்கும், பேய்க்காக அல்ல.

அனுமதி யாரிடம் வாங்குவது?

வாட்ச்மேனிடம் நூறு ரூபாய் கொடுப்பது அனுமதி இல்லை. ஒரு வீட்டுக்கு எத்தனை புள்ளி என்று விசாரியுங்கள். அவர்களில் சாவி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மற்ற பங்காளிகளுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்திலும் போலீஸ் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த ஊர்களில் பூட்டிய வீட்டிலிருந்து தூணும் கதவும் விளக்கும் களவு போவது பழைய கவலை. ராத்திரி ஒரு வேனும் நாலு டார்ச்சும் வந்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? சொல்லாமல் நுழைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவில் அத்துமீறல் வழக்கு வரலாம். உள்ளே இருந்து ஓர் உடைந்த ஓட்டைக்கூட எடுத்து வராதீர்கள்.

தக்ஷிணசித்ராவில் ராத்திரி உட்காரலாமா?

அது அருங்காட்சியகம். பகலில் டிக்கெட் எடுத்துப் போய், பொருத்துகளைப் பாருங்கள். ராத்திரியைவிட அது லாபம்.

முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய நிலைக்கதவு வாங்கினேன். அதை வைத்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை.

இப்படி மாதம் ஒருவராவது கேட்கிறார். முதலில், கதவு கனத்துக்கு உங்கள் சுவர் தாங்குகிறதா என்று பாருங்கள். மேலே விரிசல் ஓடினால் ராத்திரி சத்தம் வரும். இரண்டாவது, செதுக்குக்குள் செல்லரித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மரத்தைத் துளைக்கும் வண்டு ராத்திரி அமைதியில் கறகற என்று கேட்கும். மூன்றாவது, எந்த ஊர், எந்த வீட்டுக் கதவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரிந்தால் சொல்வார். ஊர் பெயர் தெரிந்ததும் பாதிப் பேருக்குப் பயம் போய்விடுகிறது, ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. அப்படியும் மனசு கேட்காவிட்டால் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுங்கள். நம் வீட்டில் எந்த நிலையைத்தான் கும்பிடாமல் வைத்தோம்?

வேறு ஆபத்துகள்?

மாடிப் பலகை. மூடாத கிணறு. பாம்பு: கட்டுவிரியன் ராத்திரியில் வரும், கடித்தது வலிக்காமலேயே போகலாம், ஆகவே தரையில் படுக்காதீர்கள், சந்தேகம் வந்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108. வௌவால் எச்சம் கிடக்கும் அறையில் முகக்கவசம். குடித்துவிட்டு வருகிறவரைத் திண்ணையோடு திருப்பி அனுப்பிவிடுவோம்.

இத்தனை ராத்திரியில் உங்களுக்கே காரணம் பிடிபடாத ஒன்று உண்டா?

ஒன்றிரண்டு சத்தம் நோட்டில் கேள்விக்குறியோடு நிற்கிறது. மூன்று மாதம் அப்படி நின்ற ஒன்று, முன்னே சொன்ன அந்தத் தென்னந்தோப்பு விடுதியில். மேற்கு வரிசையில் ஒரு தூண், ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் ‘டொக்’ என்று ஒரே ஒரு தரம். வேறு எந்தத் தூணும் இல்லை. ஆசாரி அண்ணன் ஏணி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை, எண்ணின் மேல் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

அந்த வீட்டில் பிறந்த ஆச்சி ஒருவர், எண்பது வயதுக்கு மேல், பேத்தியோடு வீட்டைப் பார்க்க வந்தார். நாங்கள் அன்றைக்கு ராத்திரிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். முகப்பில் செருப்பை விட்டுவிட்டு நேரே வளவுக்குள் போனார். கண் அவ்வளவாகத் தெரியாது, தூணைத் தொட்டுத் தொட்டுத்தான் நடந்தார். அந்தத் தூணிடம் வந்ததும் நின்றார். இடுப்பு உயரத்தில் ஒரு தழும்பு இருந்தது, விளக்குச் சுட்ட தழும்பு. நாங்கள் பல தடவை பார்த்து விட்டது. அதை விரலால் தடவிவிட்டு, ‘இது கிழக்கால நின்ன தூணுல்ல, இங்க எதுக்கு வந்துச்சு?’ என்றார்.

ஆசாரி அண்ணன் மறுபடி ஏணி போட்டு வார்னிஷைச் சுரண்டினார். ‘கி 2’. எதிர்ப்பக்கத்தில் அதன் இடத்தில் ‘மே 2’ நின்றுகொண்டிருந்தது. ஏற்றும்போது இரண்டும் மாறிவிட்டன. போதிகை உட்காராத காரணம் அதுதான். ஒரு பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி. சத்தத்துக்குக் கேள்விக்குறியை அடித்துவிட்டோம்.

ஆச்சி அதற்குள் வளவின் கடைசிக்குப் போயிருந்தார். அங்கேதான் வீடு வெட்டுப்பட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்; பின்னால் தென்னைகள். அவர் கையை நீட்டித் தள்ளினார். ‘யாரு பூட்டுனது?’ என்று கேட்டார். பேத்தி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது, இதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை ஆயா, இவ்வளவுதான் கொண்டுவந்தார்கள் என்று. விடுதிப் பையன் ஓடிவந்து லைட்டைப் போட்டான்.

அன்றைய பக்கத்தில் மாணவன் எழுதியிருப்பது: மாலை 6.40, வடக்குச் சுவர், ஆச்சி இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார்.